தானியங்கிக் காலத்திலும் சிறிய விமானம் எதற்கு?

கேள்வி: விமானியாக விரும்பும் என் மகள் சிறிய விமானத்தில் பயில வேண்டும் என்கிறாள். பெரிய விமானங்களைத் தானியங்கியே ஓட்டும்போது இது வீண்செலவு இல்லையா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: வீண்செலவே இல்லை. தானியங்கி கைவிடும் நேரத்துக்குத்தான் விமானி தேவை. 2009இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447இல், வேகம் அளக்கும் குழாய்கள் பனியால் அடைபட்டுத் தானியங்கி விலகியது. இறக்கைகள் தாங்கும் சக்தியை இழந்ததை விமானிகள் உணரவில்லை; மூக்கு மேல்நோக்கியே இருந்தது. 228 பேர் மாண்டனர். இந்த ஆபத்தைச் சமாளிக்கும் பழக்கம் சிறிய விமானத்தில்தான் கையில் படிகிறது. செஸ்னா 172இல் மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்தால், இடது இறக்கையின் முன்விளிம்பிலுள்ள துளை ஊதல்போல் ஒலிக்கும். மாணவர் உடனே பிடியை முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்தப் பழகுகிறார்.

சிமுலேட்டர் போதாதா என்பீர்கள். அது நடைமுறையைக் கற்பிக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகலில் திரளும் இடிமேகத்தைக் கண்டு திரும்பிவிடும் முடிவெடுக்கும் துணிவை நிஜ வானமே தரும். செலவு அதிகம் என்பது உண்மை. ஆனால் தனியார் உரிமத்துக்குச் சர்வதேச விதிப்படி பொதுவாகக் குறைந்தது 40 மணி நேரம் பறக்க வேண்டும். வணிக உரிமத்துக்கோ 200. சிறிய விமானத்தில் தொடங்கும் மணிகளும் அந்தக் கணக்கில் சேரும். கடன் வாங்குமுன் மருத்துவப் பரிசோதனையை முடியுங்கள். பிறகு மகளை ஒருமுறை பயிற்றுநருடன் பறக்க அனுப்புங்கள்.