1515ஆம் ஆண்டின் இரண்டு மரச்சித்திரங்கள்

எழுத்தை வாசிப்பதற்குப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகப் பழக்குகின்றோம். படத்தையோ ஒரு பழக்கமுமின்றி அவர் கையிலே கொடுத்துவிடுகின்றோம். கண்ணிருந்தாற் போதும், படம் தானே விளங்கும் என்பது நம்மவர் எண்ணம் போலும். பழைய காண்டாமிருகப் படமொன்றை வகுப்பிலே காட்டியபோது மாணவனொருவன் எழுந்து, “ஐயா, இதற்கு முதுகிலும் ஒரு கொம்பு இருக்கின்றதே, அஃது எதற்கு?” என்று வினாவினான். மற்றையோர் நகைத்தனர். நகைத்தற்கு இடமில்லை. ஐரோப்பாக் கண்டத்துப் பண்டிதர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அவ்வினாவை வினாவாது அக்கொம்பை நம்பியிருந்தனர். ஆதலால் அப்படத்தின் வரலாற்றையும், அதே ஆண்டிலே அதற்கு அயலூரிலே பிறந்த வேறொரு படத்தின் வரலாற்றையும் இங்கே ஒருங்குவைத்து ஆராய்வாம்.

மரச்சித்திரமாவது யாதெனின், செப்பஞ்செய்த மரப்பலகையின்மேல் இடம்வலம் மாற்றி வரைந்த கோடுகளை மாத்திரம் மேடாக நிறுத்தி, ஏனைய பாகமெல்லாவற்றையுங் கத்தியாலும் உளியாலும் அகற்றி, எஞ்சிய மேட்டிலே மை தடவிக் காகிதத்தில் ஒற்றியெடுப்பது. கருமையாகத் தோன்றுவது வெட்டாது விட்ட இடம். வெண்மையாகத் தோன்றுவது வெட்டிய இடம். இதனை நன்கு மனத்துட் கொள்ளுக. செப்புத்தகட்டுச் சித்திரத்திலே நிகழ்வது இதற்கு முழுவதும் மாறானது. அங்கே கீறிய பள்ளத்திலே மை தங்கும். மரக்கட்டையும் ஈயவெழுத்தும் மேட்டிலே மை ஏற்கும் ஓரினத்தன. ஆதலால் எழுத்தையும் படத்தையும் ஒரே சட்டத்துட் பூட்டி ஒரே இழுப்பில் அச்சிடுதல் கூடும். மரச்சித்திரம் புத்தகத்தோடு கூடி உலகெங்கும் பரந்தமைக்கு இதுவே காரணம்.

இன்னுமொன்று. வரைந்தவர் ஒருவர், வெட்டியவர் ஒருவர், அச்சிட்டவர் ஒருவர். படத்தின் மூலையிலே காணப்படும் அடையாளம் பெரும்பாலும் வரைந்தவருடையதே. மயிரிழை போன்ற கோட்டை இருபுறமும் மரத்தை நீக்கி உடையாமல் நிறுத்திய கைக்கு அங்கே பெயரில்லை. நம் கோயில் விக்கிரகங்களைச் செய்தவர் பெயர் நமக்குத் தெரியுமோ? அது போல்வதே இதுவும்.

இத்தொழில் கீழ்த்திசையிலே முதிர்ந்தது. சீனத்திலே 868ஆம் ஆண்டு அச்சிட்ட வச்சிரச்சேதிகை என்னும் பௌத்த நூற்சுருளின் முகப்பிலே, புத்தர் தம் மாணாக்கராகிய சுபூதிக்கு உபதேசிக்கும் சித்திரம் உண்டு. வாங் சியே என்பவர் தம் தாய்தந்தையர் பொருட்டு அதனைச் செய்வித்தார் என்று அச்சுருளின் ஈற்றிலே பொறிக்கப்பட்டிருக்கின்றது. அதன் வேலைப்பாட்டை நோக்குவார்க்கு, அதற்கு முன்னரே அத்தொழில் பல தலைமுறை பயின்றிருத்தல் வேண்டும் என்பது புலப்படும். ஐரோப்பாவிலே காலங் குறிக்கப்பெற்ற பழைய மரச்சித்திரங்களுள் ஒன்று, 1423ஆம் ஆண்டைத் தாங்கிய கிறிஸ்தோப்பர் என்னும் அடியாரின் படம். அப்படத்தைக் காண்பார் அந்நாளிலே துர்மரணம் எய்தார் என்பது அதன்கீழ்ப் பொறித்த வாசகத்தின் கருத்து. அடியார் படங்கள், சீட்டாட்டக் கட்டுக்கள், சாகுந் தறுவாயிலுள்ளானைப் பேய்களும் தேவதூதரும் சூழ்ந்திருக்கும் படங்கள் என்றிவை சந்தையிலே சிறுவிலைக்கு விற்கப்பட்டன. வாசிக்கத் தெரியாதார் கையிலும் படம் புகுந்தது.

1493ஆம் ஆண்டு ஜேர்மனி தேசத்து நூரம்பேர்க் நகரிலே அந்தோன் கோபேர்கர் என்பார் அச்சிட்ட உலகசரித்திரம் ஒன்றுண்டு. இயற்றியவர் ஹார்ட்மன் ஷேடல் என்னும் வைத்தியர். அந்நூலிலே 1809 படங்கள் உள. அவற்றுக்கு வெட்டிய கட்டைகளோ 645 மாத்திரமே. எஞ்சியவை எவ்வாறு வந்தன எனின், ஒரு கட்டையே பலவிடத்தும் பயன்பட்டது. தமஸ்கு என்ற பெயரோடு நிற்கும் நகரப்படமே பெராரா, மிலான், மாந்துவா என்னும் பெயர்களோடும் நிற்கின்றது. அரசர் முகங்களுக்கும் இதுவே கதி. தம் சொந்த நகரமாகிய நூரம்பேர்க்கையோ கோபுரம் கோபுரமாகக் கண்டு வரைந்து இரண்டு பக்கம் நிறைய வைத்தனர். இதனை வஞ்சகமென்று கடிந்துரைப்பது தகாது. அக்காலத்து வாசகருக்கு அப்படம், இங்கே ஒரு நகரம் பேசப்படுகின்றது என்பதற்கு ஓர் அறிகுறி, அவ்வளவே. ஆயினும், கண்டு வரைந்த படமும் காணாது வைத்த படமும் ஒரே தாளில், ஒரே மையில், ஒரே அழகோடு நிற்கும்போது எதனைக் கொண்டு அவற்றைப் பகுத்தறிவது?

இனிக் காண்டாமிருகத்துக்கு வருவாம். 1514ஆம் ஆண்டு கூர்ச்சரத்துச் சுல்தானாகிய இரண்டாம் முசாபர், போர்த்துக்கேயரின் இந்தியத் தேசாதிபதியாகிய அல்புக்கேர்க்குக்கு ஒரு காண்டாமிருகத்தைப் பரிசாக அளித்தார். அல்புக்கேர்க் தீவிலே கோட்டை கட்ட உத்தரவு கேட்டிருந்தார்; கோட்டை கிடைத்திலது, விலங்கு கிடைத்தது. அவர் அதனைத் தம் அரசராகிய மனுவேலுக்கு அனுப்பினார். 1515ஆம் ஆண்டு தைமாதத்திலே கோவையிலிருந்து புறப்பட்ட கப்பல், மே மாதம் 20ஆந் திகதி லிஸ்பன் துறையை அடைந்தது. அங்கே அவ்விலங்கைக் கண்டா என்று அழைத்தனர். காண்டாமிருகம் என்னும் நம் சொல்லின் முற்பகுதியோடு அஃது ஒலியால் ஒத்திருத்தல் காண்க. உரோமரரசு வீழ்ந்தபின் ஐரோப்பியர் கண்ணாற் கண்ட முதற் காண்டாமிருகம் அதுவே. யானைக்கும் அதற்கும் தீராப் பகை என்று பழைய நூல்கள் கூறியதைச் சோதிக்கக் கருதிய அரசர், ஜூன் மாதம் 3ஆந் திகதி இரண்டையும் எதிரெதிரே விடுவித்தார். யானை ஓடிப்போயிற்று.

இச்செய்தி கடிதமாகவும், யாரோ விரைந்து கீறிய ஒரு சிறு படமாகவும் நூரம்பேர்க்கை அடைந்தது. அல்பிரெக்ட் டூரர் என்னும் பேரோவியர் அங்கே இருந்தார். அவர் அவ்விலங்கை ஒருபோதும் கண்டிலர். கடிதத்தையும் அச்சிறு படத்தையும் கொண்டே வரைந்து மரத்தில் வெட்டுவித்தார். படம் ஏறக்குறைய 21 சதமமீற்றர் உயரமும் 30 சதமமீற்றர் அகலமும் உடையது. தோல் மடிப்புக்கள் ஆணியடித்த இரும்புக் கவசம் போலவும், கால்கள் செதில் படிந்தன போலவும் தோன்றுகின்றன. தோளின்மேல் முறுக்குண்ட ஒரு சிறு கொம்பும் முளைத்திருக்கின்றது. மேலே அச்சிட்ட குறிப்பிலே விலங்கு வந்த ஆண்டு 1513 என்று பிழையாகக் கூறப்பட்டுள்ளது. இத்தனை பிழைகளிருந்தும், அவ்வுருவத்தின் பாரமும் தனிமையும் பார்ப்பவர் மனத்தை ஈர்க்கின்றன. டூரர் 1528ஆம் ஆண்டு இறப்பதற்கு முன்னரே 4000 முதல் 5000 வரையான படிகள் விற்பனையாயின என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிடுவர். அவர் இறந்தபின்பும் அக்கட்டை பலமுறை அச்சேறிற்று. பிற்காலத்துப் படிகளிலே கட்டையின் வெடிப்பும் புழுத்துளைகளும் வெள்ளைக் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் விழுந்திருத்தலைக் காணலாம். படியின் வயதை அறிவதற்கு அவையே சான்றாகும்.

கெஸ்னர் என்னும் சுவிற்சர்லாந்துப் பேரறிஞர் 1551ஆம் ஆண்டு வெளியிடத் தொடங்கிய விலங்கு நூலிலே இப்படத்தையே பார்த்து வரைவித்துச் சேர்த்தார். அவரைப் பின்பற்றி வேறு பலரும் சேர்த்தனர். 1741ஆம் ஆண்டு கிளாரா என்னும் பெண் காண்டாமிருகமொன்று வங்காளத்திலிருந்து ஒல்லாந்துக்குச் சென்று, 1758ஆம் ஆண்டு இறக்கும்வரையும் ஐரோப்பிய நகரங்கடோறும் காட்சிக்கு நின்றது. 1749ஆம் ஆண்டு ஊட்ரி என்னும் பிரெஞ்சு ஓவியர் அதனை உயிரளவிலே கண்டு தீட்டினார். அதன் பின்னரே முதுகுக்கொம்பு மெல்ல மெல்ல உதிர்ந்தது.

காண்டாமிருகத்துக்கு ஒரு கிளாரா வாய்த்தது. மற்றைப் படத்துக்கோ எனின், அத்தகைய நற்பேறு எளிதில் வாய்க்கவில்லை.

பொலோஞா நகரத்து லுடொவிக்கோ டி வர்த்தேமா என்பவர் கீழ்த்திசை நாடுகளில் யாத்திரை செய்து, தாம் கண்டவற்றை எழுதி 1510ஆம் ஆண்டு உரோமாபுரியிலே அச்சிடுவித்தார். அதன் ஜேர்மன் மொழிபெயர்ப்பு 1515ஆம் ஆண்டு ஔக்ஸ்பேர்க் நகரிலே வெளிவந்தது. அதற்கு மரச்சித்திரங்கள் வரைந்தவர் அந்நகரத்து யோர்க் பிரொய். கள்ளிக்கோட்டை அரசரின் வழிபாட்டிடத்திலே உலோகத்தாற் செய்த பேயுருவமொன்று உண்டென்றும், அதன் தலையிலே பாப்பரசரின் மும்முடி போன்ற முடியுண்டென்றும், கொம்பும் கோரப்பல்லும் உடைய அஃது ஆன்மாக்களை உண்ணும் பாவனையில் இருக்கின்றதென்றும் வர்த்தேமா எழுதியிருந்தார். பிரொய் இந்தியாவைக் கண்டவரல்லர், கோயிலொன்றையும் கண்டவரல்லர். ஆயினும் பேய் எத்தகையது என்பதை அவர் நன்கறிவார். அவரூர்த் திருச்சபைச் சுவர்களிலே நரகத்தை வரையுமிடத்து வழங்கிய உருவம் அவர் கைக்குப் பழகியிருந்தது. அதனையே ஆசனத்தில் இருத்தி, மும்முடி சூட்டி, வாயிலே மனிதனைத் திணித்துக் கள்ளிக்கோட்டைத் தெய்வம் என்று கொடுத்தார். பின்னர் செபஸ்தியான் மூன்ஸ்டர் என்பவரின் பெரிய பூகோள நூலிலும் இவ்வுருவம் புகுந்தது. அந்நூலோ பல பாஷைகளிற் பலமுறை அச்சேறியது.

நுணுகி நோக்கவேண்டியது ஒன்று இங்கே உண்டு. அதே வர்த்தேமா அதே அதிகாரத்திலே, அந்நாட்டார் வானையும் பூமியையும் படைத்த முழுமுதற் கடவுள் ஒருவர் உளர் என்று கொள்ளுகின்றனர் என்றும், அவருக்குத் தமெரானி என்று பெயர் வழங்குகின்றனர் என்றும், தேயுமோ என்பது அக்கடவுளால் நீதி செலுத்த அனுப்பப்பட்ட வேறொன்று என்றும் கூறியிருக்கின்றார். தமெரானி என்பது தம்பிரான், தம்புரான் என்னுஞ் சொல்லின் திரிபென்று கொள்ளுதல் பொருந்தும். தேயுமோ என்பது தேவன் என்பதன் திரிபு போலும். 1578ஆம் ஆண்டு கொல்லத்திலே அச்சான தமிழ்ப் புத்தகத்துக்குக் கத்தோலிக்கக் குருமார் இட்ட பெயர் தம்பிரான் வணக்கம் என்பது. தம் கடவுளைக் குறிக்க அவர் தெரிந்தெடுத்ததும் அச்சொல்லே. ஆகவே அவ்வியாத்திரிகர் காதிலே உரிய சொல் விழுந்திருந்தது, நூலிலும் ஏறியிருந்தது. சித்திரத்தில் ஏறியதோ மற்றையது. உருவமில்லாத முழுமுதலைச் செதுக்க உளிக்கு இடமேது? பேயைச் செதுக்க இடம் நிரம்ப உண்டு. வாசிக்கத் தெரிந்தார் ஒருகால் இரண்டையும் அறிந்திருப்பர். படம் மாத்திரம் பார்த்தார் ஒன்றையே அறிந்தனர், அவரே பெரும்பாலார்.

இதனை நம்மவரிற் சிலர் மதப்பகையாலே வேண்டுமென்று செய்த நிந்தை என்பர். யாம் அவ்வாறு துணியமாட்டோம். டூரர் காண்டாமிருகத்துக்குக் கவசமிட்டதும் பிரொய் நம் தெய்வத்துக்குக் கோரப்பல் இட்டதும் ஒரே வழியால் நிகழ்ந்தவை; அறியாததை அறிந்ததன் அச்சிலே வார்த்தல் அவ்வழி. நம் சிற்பிகள்தாமும் சிங்கத்தைக் கண்டோ கோயிற்றூண்களிலே செதுக்கினார்கள்? வேறுபாடு யாதெனின், சிங்கத்தைப் பிழையாகச் செதுக்குதலால் சிங்கத்துக்கு யாதொரு நட்டமுமில்லை. ஒரு சனத்தாரின் வழிபாட்டைப் பிழையாகச் செதுக்கினால், பின்னர்க் கப்பலேறி வருவோர் அப்படத்தை மனத்திலே சுமந்துகொண்டே அவர் கோயில்வாயிலை அடைவர். இவ்வுருவங்கள் ஐரோப்பியர் மனத்திலே எத்துணைக் காலம் தங்கின என்பதைப் பார்த்தா மித்தர் என்னும் வங்காள அறிஞர் 1977ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே விரிவாக ஆராய்ந்திருக்கின்றார்.

வேண்டுமென்றே பகைகொண்டு செதுக்கிய படம் எப்படியிருக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் அத்தேசத்திலேயே உண்டு. 1522ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்திலே லூதர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு விற்றன்பேர்க்கில் வெளிவந்தது. லூக்காஸ் கிறனாக் என்பவரின் சித்திரசாலையில் அதற்கு ஆயத்தஞ்செய்த படங்களிலே, விலங்கின்மேல் ஏறிய பாபிலோன் மாதின் தலையில் பாப்பரசரின் மும்முடி வைக்கப்பட்டது. அதன் குறி யாவர்க்கும் விளங்கியது. எதிர்ப்பு எழவே, மார்கழி மாதத்துப் பதிப்பிலே அம்முடியின் மேலடுக்குகள் கட்டையினின்றும் வெட்டி நீக்கப்பட, சாதாரண முடியொன்றே எஞ்சிற்று. மரச்சித்திரத்தில் ஒன்றைக் குறைத்தல் எளிது, கூட்டுதல் அரிது. கள்ளிக்கோட்டையின் மும்முடியைக் குறைக்கும்படி கேட்பதற்கு ஔக்ஸ்பேர்க்கில் ஒருவருமில்லை.

அக்காலத்தார் எல்லாரும் இப்படியே வரைந்தனர் என்று எண்ணுதலுங் கூடாது. பிரொய் வாழ்ந்த அதே நகரிலே ஹான்ஸ் பூர்க்மையர் என்னும் வேறோர் ஓவியர் இருந்தார். 1505ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் கப்பலிலே இந்தியாவுக்குச் சென்று மீண்ட ஸ்பிறெங்கர் என்னும் வியாபார முகவரின் செய்தியைக் கொண்டு, அவர் 1508ஆம் ஆண்டு ஆபிரிக்க, இந்திய சனங்களைப் பல கட்டைகளில் வரிசையாக வரைந்தார். அவற்றிலே தந்தையும் தாயும் குழந்தையும் மனிதராகவே நிற்கின்றனர். கொச்சியரசர் பரிவாரத்தோடு பவனி செல்லுகின்றார். பூர்க்மையரும் இந்தியாவைக் கண்டிலர் என்பதை மறவற்க.

அவர் 1515ஆம் ஆண்டிலே காண்டாமிருகத்தையும் வரைந்தார். முதுகிலே கொம்பில்லை, கவசமுமில்லை. தோல் தோலாகவே மடிந்து தொங்குகின்றது. டூரர் படம் ஆயிரக்கணக்கிற் பரவ, இதன் ஒரேயொரு படி மாத்திரம் எஞ்சி வியன்னா நகரத்து அல்பெர்த்தினா சித்திரசாலையிலே இருக்கின்றது. அவ்விலங்கு 1515ஆம் ஆண்டு மார்கழியிலே பாப்பரசருக்குப் பரிசாக மறுபடியும் கப்பலேற்றப்பட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலே இத்தாலிக் கரையருகே புயலிற் கப்பல் உடைய, சங்கிலியாற் பிணிப்புண்டு நீந்த மாட்டாது அஃது அமிழ்ந்தது. பூர்க்மையர் படத்தில் அதன் முன்னங்கால்கள் இரண்டையும் கயிறொன்று பிணித்திருக்கின்றது. டூரர் படத்திலே அக்கயிறு இல்லை.