தூக்கக் கலக்கமா, கண் கோளாறா?

"ராவைக்குத் தூக்கமில்ல சாமி, அதான் கண்ணு மங்குது. வேற ஒன்னுமில்ல."

இறம்பொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாதர் கூட்டம் நடந்தபோது ஒரு தாய் இப்படிச் சொன்னார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சுற்றியிருந்தவர்களும் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் பாதி உண்மை, மறுபாதி ஆபத்தானது. எனவே இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் நாளை அந்தக் கூட்டத்திலேயே கணக்குப் போட்டோம். விடியற்காலை 4 மணிக்கு எழும்பி, அடுப்பு மூட்டி, தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்திவிட்டுப் பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். மாலையில் கொழுந்து நிறுத்து வீடு திரும்பினால் மறுபடியும் அடுப்பு. படுக்கும்போது இரவு 10 மணி, 11 மணி. வளர்ந்தவர்களுக்கு 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். இவர்களுக்குக் கிடைப்பது ஐந்து, ஆறு. அதுவும் லயத்துக் காம்பராவில் பிள்ளை அழாமல், பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்காமல் இருந்தால்தான்.

கண்ணின் மேற்பரப்பை எப்போதும் ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலம் மூடியிருக்கிறது. இமைக்குந்தோறும் அது புதிதாகப் பூசப்படுகிறது. கருவிழியின் முன்னே கண்ணாடிபோல் இருக்கும் மெல்லிய தோலில் இரத்தக் குழாய்கள் கிடையா. பகலில் அது தனக்கு வேண்டிய ஒட்சிசனைக் காற்றிலிருந்தும், இரவில் மூடிய இமையின் உட்புறத்திலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. காற்றும் தூசியும் புகையும் படாமல் அந்தத் தோல் தன்னைச் சீராக்கிக்கொள்ளும் வேளை தூக்கமே. தூக்கம் குறைந்தால் கண்ணீர் குறைகிறது. கண் சிவக்கிறது, மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது, சற்று நேரம் மங்கி, இமைத்ததும் தெளிகிறது. கவாத்து வெட்டிய ஈரக் குச்சிகளை எரிக்கும் அடுப்புப் புகையும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. இமை துடிப்பதற்கும் களைப்பு ஒரு காரணம். வலக்கண்ணா இடக்கண்ணா என்று சகுனம் பார்க்குமுன், நேற்று எத்தனை மணிக்குப் படுத்தோம் என்று பார்ப்பது நல்லது.

தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. தூக்கம் போதாதவரின் கண் திறந்திருக்கும்போதே மூளை சில வினாடிகள் உறங்கிவிடும். அந்த வினாடிகளில் எதிரே ஓடும் இயந்திரம் தெரியாது.

கண்ணும் தூக்கத்தை ஆள்கிறது. பார்ப்பதற்கல்ல, பகல் இரவை மூளைக்கு அறிவிப்பதற்கென்றே விழித்திரையில் சில உயிரணுக்கள் இருப்பதை 2002ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். போர்வைக்குள் கைபேசி பார்க்கும் பிள்ளைக்குத் தூக்கம் பிந்துவது அதன் வெளிச்சத்தாலும்தான். அதனால் கண் குருடாகாது. ஆனால் இமைக்க மறந்து கண் காய்ந்துபோகும்.

இனி அந்த ஆபத்தான பாதிக்கு வருவோம். நாற்பது வயதுக்குப் பிறகு கண்ணின் வில்லை இறுகுவதால் கிட்டப் பொருள் மங்குகிறது. எவ்வளவு தூங்கினாலும் இது மாறாது, கண்ணாடி வேண்டும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதும் அதற்கு மேலுமான 751 தொழிலாளரிடையே ஓர் ஆய்வு நடந்தது, 2018இல் வெளியானது. கிட்டப் பார்வைக் கண்ணாடி பெற்றவர்கள் பறித்த கொழுந்து, பெறாதவர்களோடு ஒப்பிடுகையில் 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. அந்த வயதில் நிறை குறைந்ததென்று பேச்சு வாங்குகிற நம் தாய்மாரை இங்கே நினைத்துக்கொள்கிறோம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு மூன்று இரவு நன்றாகத் தூங்கிவிட்டு, பகல் வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள். அப்போதும் மங்கினால் தூக்கத்தைக் குறை சொல்லாதீர்கள். கண்புரையோ நீரிழிவோ காரணமாக இருக்கலாம். கண் அழுத்த நோய் வலியே காட்டாமலும் பார்வையைத் தின்னும். இழந்த பார்வை திரும்பாது. குடும்பத்தில் யாருக்காவது அந்நோய் இருந்தால் நாற்பதுக்குப் பின் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். உரத்த குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களும் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அந்தக் கோளாறுக்கும் கண் அழுத்த நோய்க்கும் தொடர்பு காணப்பட்டுள்ளது. திடீரென்று கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வளையம் தெரிதல் என்றால் அன்றே ஆஸ்பத்திரி. பக்கத்து வீட்டில் மிஞ்சிய சொட்டு மருந்தை ஊற்றவே வேண்டாம்; சிலவற்றிலுள்ள ஸ்டீரொயிட் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

கேள்வி கேட்ட தாய் நுவரெலியாவுக்குப் போய்க் கண் காட்டினார். கண்ணாடி கிடைத்தது, அரிசியில் கல் தெரிகிறது, சீட்டில் எழுதிய கிலோவும் தெரிகிறது. எரிச்சல் மட்டும் போகவில்லை. அடுத்த கூட்டத்துக்குக் கணவன்மாரையும் அழைத்து, 4 மணிக்குத் தண்ணீர் பிடிப்பது யார் என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தத் தாயின் மூத்த மகன், "நான் புடிக்கிறேன், அம்மா அஞ்சு மணிக்கு எந்திரிக்கட்டும்" என்றான்.