யாளிக்கு வண்ணம் பூச வரும் பிள்ளைகளுக்கு

ஆடி பிறந்ததும் தென்னேரிப் பிள்ளைகள் சிலர், வண்ணம் பூசாத கையகல யாளி பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு என் திண்ணைக்கு வருகிறார்கள். கொலுவுக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரம். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதி வைக்கிறேன்.

1. முதல் நாள் பிரஷைத் தொடாதீர்கள். வாலாஜாபாத் போய் பஸ் மாறிக் காஞ்சிபுரம் போங்கள். வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் அரை நாள் உட்காருங்கள். யாளியைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் அங்கே தூணில் எழும்பி நிற்கிற யாளியைப் பார்த்தால், அதன் எடை நம் தோளில் இறங்குவதுபோல் இருக்கும். பிடரிச் சுருளுக்குள் இருட்டு எங்கே ஒதுங்குகிறது, நெற்றி மேட்டில் வெயில் எங்கே படுகிறது, பின்னங்கால் எப்படி ஊன்றியிருக்கிறது என்று பாருங்கள். சிற்பி உளியால் செய்ததை நீங்கள் வண்ணத்தால் செய்யப்போகிறீர்கள்.

2. காகிதக்கூழ் பொம்மை மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். கன்னத்தில் ஒட்டிப் பாருங்கள். சில்லென்றால் இன்னும் காயவில்லை. நிழலில்தான் உலர்த்த வேண்டும். நான் முதன்முதலில் பூசிய பொம்மையை அவசரப்பட்டு உச்சி வெயிலில் வைத்தேன். முதுகு நெடுக வெடித்துவிட்டது.

3. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசி துடைத்து, வெள்ளைப் பூச்சு இரண்டு முறை. இதில் சோம்பல் கூடாது. ராஜசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயிலில், சுண்ணாம்புச் சாந்தின்மேல் தீட்டிய ஓவியத் துண்டுகளை 1931-இல் ஜூவோ துப்ராய் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டெடுத்தார். ஆயிரத்து முந்நூறு வருஷத்து வண்ணம்! அடியில் இருக்கும் பூச்சு நன்றாகப் பிடித்திருந்தால்தான் மேலே இருப்பது நிற்கும்.

4. வண்ணத்தைப் பால் பதத்துக்குக் கரையுங்கள். தயிர்போல் கெட்டியாக அப்பினால் பல்லும் நகமும் மழுங்கிப்போகும். முதலில் உடம்பு முழுக்க மஞ்சள் காவி, மெலிசாக இரண்டு கை. காய்ந்த பிறகு பழுப்பு வண்ணத்தை நீர்க்கக் கரைத்துப் பிடரிமேல் ஓட விடுங்கள். அது தானே பள்ளம் தேடிப் போய்த் தங்கும். மேட்டில் நிற்பதைத் துணியால் ஒற்றி எடுங்கள். அதுவும் காய்ந்ததும், வெளிர் மஞ்சளைத் தொட்ட பிரஷைக் காகிதத்தில் வற்றத் துடைத்து, சுருளின் முகட்டை மட்டும் வருடிக்கொண்டே போங்கள். வெளிநாட்டில் 28 மில்லிமீட்டர் உயர அரக்கன் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுகிறவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள்.

5. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். அழுக்குப்போல் தெரியும்.

6. பீடத்தைக் கடைசி வேலையாக ஒதுக்காதீர்கள். யாளி எங்கே நிற்கிறது என்று தெரியாமல் பாதத்துக்கு வண்ணம் போட முடியாது. நம் ஏரிக்கரை மணலைச் சலித்துக் கழுவிக் காயவையுங்கள். பீடத்தில் ஃபெவிகால் தடவி அதைத் தூவுங்கள். பெரிய கல் ஒன்று, உளுத்த மரப்பட்டை ஒரு துண்டு போதும். புல்லுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூள். நகத்தைச் சுற்றி மணல் கொஞ்சம் ஒதுங்கியிருக்கட்டும். அப்போதுதான் அது மண்ணில் அழுந்தி நிற்கும், ஒட்டவைத்ததுபோல் இருக்காது. அதே மண்ணின் நிறத்தைப் பாதத்திலும் லேசாகத் தொட்டு வையுங்கள்.

7. மழை ஈரத்தில் வார்னிஷ் அடித்தால் வெளுத்துப் பூத்துவிடும். வெயில் வரட்டும். உடம்புக்கு மினுக்கம் இல்லாத வார்னிஷே அழகு.

8. கண் கடைசியில். எந்தப் படியில் யாளியை வைக்கப்போகிறார்கள் என்று வீட்டில் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். கீழ்ப்படி என்றால் கருமணியைச் சற்று மேலே தூக்கி வைக்க வேண்டும். வந்து நிற்கும் குழந்தையின் முகத்தை அது பார்க்கும். மூச்சைப் பிடித்து, ஜீரோ நம்பர் பிரஷின் நுனியால் ஒரே தொடுதல். இரண்டு கண்ணும் காய்ந்த பிறகு, பளபளக்கும் வார்னிஷில் ஆளுக்கொரு சொட்டு. நாக்குக்கும் ஒன்று.