பாட்டிலை மாற்றினால் போதாது: ஆட்டுக் குடற்புழுவின் நரம்பறிந்து மருந்து கொடுக்க

போன தடவை கொடுத்த புழு மருந்து கேட்கவில்லையென்றால் கடையில் வேறு பாட்டில் வாங்கி வருகிறோம். லேபிளும் விலையும் மாறியிருக்கும். உள்ளே அதே மருந்து இருந்துவிடலாம். புழுவின் உடலில் மருந்து எங்கே போய்த் தாக்குகிறது என்று தெரிந்தால் இந்த வீண்செலவைத் தவிர்க்கலாம்.

மருந்தைத் தொடும் முன் ஆட்டின் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். நான்காம் இரைப்பையில் ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழு மிகுந்திருந்தால் இமையின் உட்புறம் வெளுத்திருக்கும். தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கவும் செய்யும். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா வண்ண அட்டை இந்த வெளுப்பை 5 நிலையாகப் பிரிக்கிறது. வெளுத்த ஆடுகளுக்கு மட்டும் மருந்து கொடுங்கள். மந்தை முழுவதற்கும் ஊற்றினால் மருந்தைத் தாங்கும் புழுக்கள் மட்டுமே மிஞ்சி, அவற்றின் முட்டைகளே மேய்ச்சல் நிலமெங்கும் பரவும்.

அடுத்து, பாட்டிலில் சிறிய எழுத்தில் உள்ள மூலப்பொருளைப் படியுங்கள். இதுதான் முக்கியமான வேலை.

புழுவின் தசையைச் சுருங்கச் சொல்லும் நரம்புச் செய்தி அசிட்டைல்கோலின். லெவாமிசோல் அதே செய்தியைப் போல், தசையில் அதைப் பெறும் ஏற்பியில் உட்கார்ந்து, விடாமல் சுருங்கச் சொல்கிறது. விறைத்துப்போன புழு பிடி விட்டுச் சாணத்தோடு வெளியேறும். மொரான்டெல், பைரான்டெல் இரண்டும் இதே வகை ஏற்பியைத்தான் பிடிக்கின்றன. ஆகவே லெவாமிசோல் கேட்காத பட்டியில் மொரான்டெல் கொடுப்பதை மருந்து மாற்றமாக எண்ண வேண்டாம்.

ஐவர்மெக்டின் வழி வேறு. குளூட்டமேட் என்ற நரம்புச் செய்தியால் திறக்கும் குளோரைடு வாயில்களை அது திறந்தே வைக்கிறது. புழுவின் தொண்டைத் தசை செயலிழந்து இரை உறிஞ்ச முடியாமல் போகும். இந்த வாயில் பாலூட்டிகளுக்கு இல்லை. டோராமெக்டின், மாக்சிடெக்டின் இரண்டும் இதே குடும்பம். பைபரசின் தசையை அடக்கும் காபா என்ற நரம்புச் செய்தியைப் போல் நடந்து புழுவைத் தளர்த்தும்; பெரிய உருண்டைப் புழுவுக்குத்தான் அது ஏற்றது, ஹீமாங்கஸுக்கு நம்ப வேண்டாம். அல்பென்டசோல், ஃபென்பென்டசோல் நரம்பைத் தொடுவதே இல்லை, செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களைக் கெடுக்கின்றன. சினையின் தொடக்கத்தில் அல்பென்டசோல் கூடாது, குட்டி ஊனமாகலாம்.

பிறகு எடை. கண்ணால் மதிப்பிடாமல் தராசில் நிறுத்துப் பாருங்கள். குறைந்த அளவு புழுவைக் கொல்லாமல் எதிர்ப்பை வளர்க்கும். செம்மறியை விட வெள்ளாடு பல மருந்துகளை வேகமாக உடலிலிருந்து நீக்கிவிடும் என்பதால், செம்மறிக்கான அளவை அப்படியே கொடுக்காமல் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். லெவாமிசோலில் கூடுதல் அளவும் ஆபத்து. அசிட்டைல்கோலின் ஆட்டின் நரம்புக்கும் உரியதுதானே. எச்சில் ஒழுகி உடல் நடுங்கினால் உடனே மருத்துவரை அழையுங்கள். ஊற்றும்போது தலையை அண்ணாக்கப் பிடிக்காமல், வாயோரம் வழியாக நாக்கின் பின்பகுதியில் மெதுவாக விடுங்கள். பாலையும் இறைச்சியையும் எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்பதையும் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சோதனை. மருந்து கொடுக்கும் அன்றும் 14 நாள் கழித்தும் அதே ஆடுகளின் புழுக்கையை எடுத்து, ஆய்வகத்தில் முட்டை எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை 95 சதவீதத்துக்குக் குறைவாகவே இறங்கியிருந்தால், அந்த மருந்தோடு அதன் குடும்பத்தையே சந்தேகியுங்கள். அடுத்த முறை வேறு இடத்தில் தாக்கும் மருந்தை மருத்துவரோடு பேசித் தேர்ந்தெடுங்கள்.