ஆங்கிலச் சொல் அறிவோம்: இம்பல்ஸ்

சாரல் சீசனில் குற்றாலம் போய்க் குளித்துவிட்டுத் திரும்புகிறோம். வழியில் ரம்புட்டான் கண்ணில் படுகிறது. வாங்கும் எண்ணமே இல்லை. ஆனாலும் ஒரு கிலோ பைக்குள் ஏறிவிடுகிறது. இப்படித் திடீரென எழும் உந்துதலே 'இம்பல்ஸ்'. யோசிக்காமல் வாங்கினோம் என்பதற்கு 'ஆன் இம்பல்ஸ்' வாங்கினோம் என்பார்கள்.

'தள்ளுதல்' என்ற லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் இது. பிள்ளைகளின் இயற்பியல் பாடத்தில் 'கணத்தாக்கு' என்று வருவதும் இதுதான்: விசையை அது செயல்படும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது.

'இம்பல்சிவ்' என்றால் சட்டென்று செய்துவிடுபவர். 'கம்பல்சிவ்' வேறு: நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாத நிலை. பெரியவர்களே இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

எல்லா இம்பல்ஸும் கெட்டதல்ல. எதிரே வந்த ஏழைக்குக் கையிலிருந்ததைக் கொடுப்பதும் இம்பல்ஸே, 'ஜெனரஸ் இம்பல்ஸ்'.

ஐந்தருவியில் தண்ணீர் கூடி, குளிக்கத் தடை போட்ட பிறகும், "ஒரே ஒரு தடவை தலையை நனைச்சிட்டு வந்துடறேன்" என்று பையன் கிளம்புகிறானே, அதுவும்தான். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வெள்ளம் சொல்லாமல் வந்தது. ஒரு சிறுவனின் உயிர் போனது. அந்த உந்துதலை அடக்கிக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் 'ரெசிஸ்ட்' என்ற வினை சேரும். இந்தச் சீசனுக்குள் பிள்ளைகளுக்கு அதையும் சொல்லிக் கொடுத்துவிடுவோம்.