சருகை எதில் நறுக்கலாம்?

தை பிறந்து மழை ஓய்ந்துவிட்டால், கடுகண்ணாவையிலிருந்து பேராதனை வரை வீட்டு முற்றங்களில் சருகு குவியத் தொடங்கும். பிலிமத்தலாவையும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. பலா, ஈரப்பலா, ஆனைக்கொய்யா, மா, கராம்பு, சாதிக்காய் என்று அடுக்கடுக்காக மரம் நிற்கும் கண்டி வீட்டுத்தோட்டத்தில் இலை உதிராத நாள் கிடையாது. கூட்டியதை மூலையில் குவித்துக் கொளுத்துவது பழைய வழக்கம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்த அரசு, நவம்பரில் அதைத் தளர்த்தியது. தடை போனாலும் பசளை மூட்டை பழைய விலைக்குத் திரும்பவில்லை. அதன்பிறகு சருகைக் கொளுத்தும் கைகள் கொஞ்சம் யோசிக்கின்றன; கடைகளில் இலை நறுக்கும் இயந்திரத்தை விசாரிப்பவர்களும் கூடியிருக்கிறார்கள்.

விலை கேட்பதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. நறுக்கிய சருகு எங்கே போகப்போகிறது, மரத்தடி மூடாக்குக்கா, கூட்டெருக் குவியலுக்கா? கருவியைத் தீர்மானிப்பது இதுதான்.

எவ்வளவு பொடியாக வேண்டும்?

பலா இலை தடிப்பானது, மேலே மெழுகுப் பூச்சு உள்ளது. முழு இலையாகக் குவித்தால் கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்து, மழைநீரை வெளியே வழியவிடும். மாதக்கணக்கில் கிடந்த குவியலைக் கிளறினால் உள்ளே காய்ந்த இலை அப்படியே இருப்பது இதனால்தான். நறுக்கும்போது வெட்டுவாய் திறக்கிறது. ஈரமும் பூஞ்சணமும் அதன்வழியே நுழைகின்றன. கூட்டெருவுக்கு ஓரிரு சென்டிமீற்றர் துண்டுகள் நல்லவை.

மூடாக்குக்குக் கணக்கு வேறு. நம் காணிகளில் பெரும்பாலானவை சரிவு. பொடியாக அரைத்த சருகை அங்கே தூவினால் முதல் பெருமழையே கீழ்வீட்டுக் கானுக்குக் கொண்டுபோய்விடும். உள்ளங்கையில் பாதி அளவுள்ள துண்டுகள் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு நிற்கும், மண்ணையும் பிடித்துவைக்கும். 5 முதல் 10 சென்டிமீற்றர் உயரத்துக்குப் பரப்பினால் போதும். மரத்தண்டையும் மிளகுக்கொடியின் அடியையும் தொடாமல் ஒரு சாண் விட்டுப் போடவேண்டும். ஈரம் ஒட்டிக்கிடந்தால் அடி அழுகும்.

நறுக்கவே தேவையில்லாதவையும் உண்டு. மிளகு படரவிட்டிருக்கும் கிளிரிசிடியாவின் குழை மென்மையானது; வெட்டிப் போட்டால் சில வாரங்களில் மண்ணோடு சேர்ந்துவிடும். ஹந்தானைப் பக்கத்துப் பைன் மரங்களின் ஊசியிலை ஏற்கெனவே மெல்லியது. அள்ளிப் பரப்பினால் சரி.

கத்தி

தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து முடிந்ததும் வெட்டிய குச்சியையும் இலையையும் நிரையிலேயே விட்டுவிடுவார்கள். அதே முறை வீட்டுக்கும் பொருந்தும். மரக்கட்டையில் ஒரு பிடி சருகை வைத்து நாலு வெட்டு வெட்டினால் மூடாக்குக்கு ஏற்ற அளவு வந்துவிடும். தென்னோலை, வாழைச்சருகு, கித்துள் ஓலை போன்ற நார் உள்ளவற்றுக்குக் கத்தியே முதல் தெரிவு. இயந்திரத்தில் போட்டால் நார் சுழல்தண்டில் சுற்றிக்கொள்ளும். பிறகு அதை அறுத்தெடுப்பதே ஒரு வேலை. குறை என்னவென்றால், இரண்டு மூட்டைக்குமேல் கை தாங்காது.

புல்வெட்டியும் பீப்பாயும்

தோளில் மாட்டிப் புல் வெட்டும் இயந்திரம் இங்கே ஒழுங்கைக்கு ஒன்றாவது இருக்கிறது. சொந்தமாக இல்லாவிட்டால் கூலிக்கு ஆள் வருவார். பிளாஸ்ரிக் பீப்பாயில் பாதிக்குச் சருகை நிரப்பி, நைலோன் நூல் பூட்டிய தலையை உள்ளே இறக்கி மேலும் கீழுமாக அசைத்தால், சில நிமிடத்தில் குவியல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். இரும்பு அலகைப் பூட்டவே கூடாது. கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம், காய்ந்த சருகின் தூசி தொண்டையைப் பிடிக்கும். ஈரப்பலா இலை நன்றாகக் காய்ந்திருந்தால் இதில் அப்பளமாக நொறுங்கும். பலா இலைக்கு இரண்டு சுற்று வேண்டும். தள்ளிச் செல்லும் புல்வெட்டி உள்ளவர்கள் சமதரையில் சருகைப் பரப்பி அதன்மேல் ஓட்டலாம். சரிவில் அதை முயலவேண்டாம்.

மின்சார இயந்திரம்

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் கிளை நறுக்குவதற்காகச் செய்தவை. வேகமாகச் சுழலும் அலகு கொண்டது இலையையும் சுள்ளியையும் சேர்த்து வெட்டும், சத்தம் கூட. உருளையால் நசுக்கும் வகை சத்தம் குறைந்தது. தடித்த கிளைக்கு நல்லது. ஆனால் மெல்லிய இலை அதில் வெட்டுப்படாமல் நழுவிவிடும். எந்த வகையானாலும் ஈரச்சருகு வாயில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் இது மூலையில் கிடக்கும் பொருள்தான்.

மின்கணக்கையும் பாருங்கள். 230 வோல்ற்றில் 5 அம்பியர் பிளக் தாங்குவது 1,150 வாற்று. 2,400 வாற்று இயந்திரமோ 10 அம்பியருக்குமேல் இழுக்கும். 13 அல்லது 15 அம்பியர் பிளக் வேண்டும். மெல்லிய நீட்டு வயர் சூடேறிவிடும். ஒரு மணித்தியாலம் ஓடினால் 2.4 அலகு மின்சாரம் செலவாகும்.

பெற்றோல் இயந்திரம்

கிளிரிசிடியாக் கிளை, கோப்பிக் கவ்வாத்து, காய்ந்த மட்டை எல்லாவற்றையும் விழுங்கக்கூடியது. ஒரு வீட்டுக்கு இது மிகை. வருடத்தில் சில நாள் ஓடும் இயந்திரத்துக்கு அலகு தீட்டவும் எண்ணெய் மாற்றவும் ஆள் தேடவேண்டிவரும். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றதையும் மறந்துவிடக்கூடாது. நாலைந்து வீடு சேர்ந்து ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதுதான் புத்தி.

எந்தக் கருவிக்கும் பொது

மாசி, பங்குனி வெயிலில், பனி காய்ந்த பிறகு நறுக்குங்கள். சருகை வெறுங்கையால் அள்ளவேண்டாம். சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா எனப்படும் சிறு விரியன் சருகின் நிறத்திலேயே அதற்குள் கிடக்கும். விளக்குமாறால் இழுத்து, சப்பாத்துக் காலோடு நின்று அள்ளுங்கள். நோய் விழுந்த இலையை மூடாக்கில் சேர்க்காதீர்கள்.

கூட்டெருவுக்கு நறுக்கிய காய்ந்த சருகு மூன்று கூடைக்குப் பச்சைக் கிளிரிசிடியா ஒரு கூடை, மேலே கொஞ்சம் சாணம். குவியல் எல்லாப் பக்கமும் ஒரு மீற்றர் இருந்தால்தான் உள்ளே சூடு பிடிக்கும். ஐப்பசி மழைக்குமுன் மேலே மூடிவிடவேண்டும், இல்லாவிட்டால் சத்து கரைந்து ஓடிவிடும்.

தீர்ப்பு

20 பேர்ச் வரையான காணிக்குக் கத்தி போதும். மிஞ்சும் முழு இலையை மரத்தைச் சுற்றி அப்படியே பரப்பலாம். அதற்குமேல் அரை ஏக்கர் வரை புல்வெட்டியும் பீப்பாயும்தான் இலாபம். அரை ஏக்கரைத் தாண்டி மிளகும் கோப்பியும் உள்ளவர்கள் அயலவரோடு சேர்ந்து பெரிய இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கட்டும். மின்சார இயந்திரம் சுள்ளி அதிகம் உள்ள, சமதரையும் நல்ல பிளக்கும் உள்ள வீட்டுக்கு மட்டுமே சரி. பயிர் பற்றிய சந்தேகத்துக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கம் இருக்கிறது.

வாங்கியே ஆகவேண்டும் என்று தோன்றினால், உங்கள் வீட்டுப் பலாச் சருகில் ஒரு பையைக் கடைக்குக் கொண்டுபோய், கண்முன்னே ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். அடைக்காமல் வெளியே வந்தால் காசைக் கொடுங்கள்.