‘பேக் கம்ப்ரஷன்’ என்றதும் இன்ஜினை இறக்காதீர்கள்

சேலம், சங்ககிரி, நாமக்கல் பட்டறைகளில் ‘பேக் கம்ப்ரஷன் அடிக்குது’ என்பார்கள். எரிந்த வாயு, எரியாத எரிபொருள் ஆவியோடு சேர்ந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயில் இருக்கும் பகுதிக்கு இறங்குகிறது என்று அர்த்தம். புது இன்ஜினிலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதை உறிஞ்சி மறுபடி எரிக்கத்தான் பி.சி.வி. வால்வும் பிரீதர் ஹோஸும். இவை அடைத்தாலும் ரிங் தேய்ந்தது போலவே தெரியும். செலவுக்கு முன் இவற்றைப் பாருங்கள்.

1. சூடான இன்ஜினை ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திருகி, எடுக்காமல் மேலேயே வையுங்கள். துண்டு, துப்பட்டா பெல்ட் பக்கம் போகக் கூடாது. லேசான ஆவியும் சின்ன அதிர்வும் சகஜம். பெட்ரோல் காரில் ஐடில் தடுமாறினாலும் பயம் வேண்டாம். மூடி குதித்து விழுந்து, புகை குபுகுபுவென்று விடாமல் வந்தால்தான் கவனிக்க வேண்டும்.

2. கழற்றக்கூடிய பி.சி.வி. வால்வு என்றால் காதருகே குலுக்கிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் கரி பிடித்து ஒட்டியிருக்கிறது, மாற்றிவிடுங்கள். இன்ஜின் வேலையோடு பார்த்தால் அது காசே இல்லை.

3. ஆயில் சீலை மாற்றியும் கசிகிறதா? பிரீதரைப் பாருங்கள். போக வழியில்லாத வாயு சீலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும்.

4. ரிங்குக்குப் பெரிய எதிரி தூசி. கிரஷர், செங்கல் சூளை, போர் போடும் இடங்கள் பக்கம் தினமும் ஓட்டுகிறவர்கள், ஏர் ஃபில்டரைக் கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே பாருங்கள். ஃபில்டரைத் தாண்டி இன்ஜினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் செம்மண் ஒட்டினால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை, கிளிப் விட்டிருக்கிறது, அல்லது குழாய் கிழிந்திருக்கிறது. லேசான ஆயில் ஈரம் பரவாயில்லை. ஃபில்டரே ஆயிலில் நனைந்திருந்தால்தான் கவலை.

5. ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. பி.எஸ்.6 டீசலில் ஊற்றாமலே மட்டம் ஏறினால், ஆயிலில் டீசல் கலந்திருக்கலாம். ஊருக்குள்ளேயே குட்டிக் குட்டித் தூரமாக ஓட்டும் வண்டிகளில் இது வரும்.

6. கொல்லிமலை ஏறும்போது, பின்னால் வரும் வண்டிக்காரரைப் புகையைக் கவனிக்கச் சொல்லுங்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மிதிக்க மிதிக்க நீலப்புகை என்றால் ரிங் மேல் சந்தேகம். கியரிலேயே இறங்கிவிட்டு மறுபடி மிதித்ததும் குப்பென்று வந்தால் வால்வு சீலாக இருக்கலாம். அதற்குப் பெரும்பாலும் இன்ஜினை இறக்க வேண்டியதில்லை.

7. பெட்ரோல் இன்ஜினுக்குக் கம்ப்ரஷன் டெஸ்டை இரண்டு முறை எடுக்கச் சொல்லுங்கள்: முதலில் அப்படியே, அடுத்து சிலிண்டருக்கு ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு. அளவு நன்றாக ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். டீசலில் ஆயில் விடுவது ஆபத்து. அதற்குப் பதில் லீக் டவுன் டெஸ்ட் (சிலிண்டரில் காற்றை ஏற்றிக் கசிவு பார்ப்பது) கேளுங்கள். அளவுகளை எழுதி வாங்குங்கள்.

8. பிரீதர் ஹோஸைப் பிடுங்கி ரோட்டைப் பார்க்கத் தொங்கவிடச் சம்மதிக்காதீர்கள். அந்தப் புகையிலுள்ள எரியாத பெட்ரோல் ஆவி ஊர்க் காற்றைக் கெடுத்ததால்தான் கலிஃபோர்னியா 1961-லேயே பி.சி.வி.யைக் கட்டாயமாக்கியது. அந்தப் புகை வண்டிக்குள்ளும் வந்து பின்சீட்டுக் குழந்தைகளை எட்டும். துணி வைத்து அடைப்பது இன்னும் மோசம்: பின்பக்க ஆயில் சீல் போனால், கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற வேண்டும்.